வேலியோர மாவிலை

கந்தசஷ்டிக்கு முந்தைய சனிக்கிழமை, தோரணத்துக்கு இலை பறிக்க அண்ணையோடு வேனில் போனேன். யாழ்ப்பாணத்தவர், ரூ பெர்தொனே தெருவில் பூக்கடை வைத்திருக்கிறார். புறநகரான செவ்ரானில் அவர் வீட்டு மாடியறை காலியாக இருந்தது.

"எங்கடை மாமிக்கெண்டு வைச்சது, அவ லண்டனை விட்டு அசையமாட்டா. அறை உமக்குத்தான், தம்பி," என்றார் போகும்போது.

லா சப்பலில் நாலு பேர் படுக்கும் அறையில், மடியில் வைத்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். செவ்ரானில் மேசையை ஜன்னலோரம் போடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு மணி நேர ஓட்டம். அவருக்குத் தெரிந்த பண்ணைக்காரரின் வேலியில் லொரியே என்னும் பிரெஞ்சுப் புதர் அடர்ந்து நிற்கும். நீண்ட, பளபளக்கும் இலை. இங்குள்ள தமிழருக்கு அதுதான் மாவிலை. மற்ற மரங்களிலெல்லாம் இலை பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு சாக்கு நிரப்பினோம்.

"கொப்பை முறிச்சுப்போடாதையும். கிழவன் பிறகு விடமாட்டான்."

தலைக்கு மேலே சத்தம். ஒரு பறவைக் கூட்டம் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

"தாராவோ?"

"இல்லைண்ணா. கால் பின்னாடி நீண்டிருக்கு பாருங்க. பெருங்கொக்கு."

"பள்ளிக்கூடத்திலை உதுவும் படிப்பிச்சவையோ?"

"அப்பா சொன்னது. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனா ஒரு பறவை தப்பாது. ஊர்ல மாடு செத்தா அவர்தான் தூக்கப் போவாரு. ஏரிக்கரையில தோல் உரிக்கிறப்போ, வர்ற பறவைங்களை ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் காட்டுவாரு."

கூட்டம் மறைந்த பிறகும் அண்ணை வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியெல்லாம் நான்தான் பேசினேன், பறவைகளைப் பற்றி. அவர் "ஓம், ஓம்" என்றார். இலையை வீட்டில் இறக்கி, அங்கேயே சாப்பிட்டு, அறையைப் பார்ப்பதாக ஏற்பாடு. வேன் செவ்ரானுக்குத் திரும்பவில்லை. நேரே லா சப்பல் வந்து ரூ பஜோல் முனையில் நின்றது.

"மாமி வாறா, தம்பி. அறை அவவுக்கு வேணும். குறை நினையாதையும்."

இறங்கிப் பின்கதவைத் திறந்தார். இரண்டு சாக்கில், நான் பறித்ததை மட்டும் தூக்கி நடைபாதையில் வைத்தார்.

"இது உம்மடை. நீரும் முருகனைக் கும்பிடுறனீர்தானே."

அதில் ஒரு தெருவுக்கே தோரணம் கட்டலாம். எனக்கோ ஒரு கதவில் கால் பங்கு.

சொல்ல எவ்வளவோ இருந்தது. படித்ததெல்லாம் எதற்கு? "ரொம்ப நன்றிண்ணா" என்றேன்.