இட்லிக்கடை அக்காவின் சுவர்

உரிந்த மரப்பட்டை, உதிர்ந்த சுவர் என்றால் படமெடுக்கத் துள்ளுகிறவன் நான். மாசிக் கடைசியில் ஒரு மாலை, செங்கம் சாலை இட்லிக்கடையின் சுவரைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. காரை பெயர்ந்து, பாசி காய்ந்து, வெடிப்பில் அரசந்துளிர் செம்பு நிறத்தில் மினுங்கியது. ஆனால் வெளிச்சம் போய்விட்டது.

"நாளைக்குக் காலையில இந்தச் சுவரை போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா?"

கடைக்கார அக்கா வாயைக் கையால் பொத்திச் சிரித்து, தலையாட்டினார்.

மறுநாள் சுவர் பளீர் வெள்ளை. துளிரையும் காணோம்.

"போட்டோ புடிக்கப் போறீங்கன்னுதான் விடியறதுக்குள்ள சுண்ணாம்பு அடிச்சுட்டேன். நல்லா கீதுங்களா சார்?"

"பிரமாதம்க்கா!"

மறுபடியும் வாயைப் பொத்திச் சிரித்தார். அந்தக் கையில் சுண்ணாம்பு காய்ந்து, பொடிப்பொடியாக வெடித்திருந்தது. நேற்றைய சுவரேதான்! சட்டென்று எடுத்துவிட்டேன்.

எதை எடுத்தேன் என்று இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால், கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி எடுக்கச் சொல்வார்.