டொமினிக் சேரும் பறக்காத குருவியும்

செய்தி வந்தபோது எங்கள் தீவின் தாராபுரத்தில் என் கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேரி ரீச்சரின் எண்ணிலிருந்து அழைப்பு. அந்த எண்ணில் பெரும்பாலும் பேசுவது அவருடைய கணவர் டொமினிக் சேர்தான். சேரின் கைத்தொலைபேசியில் சார்ஜ் இருந்த நாளை நான் கண்டதில்லை. "சொல்லுங்கோ சேர்" என்றேன். "சேர் போயிட்டார், தம்பி" என்றார் ரீச்சர். விடியற்காலையில் நெஞ்சு நோவென்று எழும்பியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசல்வரைதான் உயிர் இருந்திருக்கிறது. இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு, கையில் கிறீசோடேயே தாழ்வுபாட்டில் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன்.

அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கு அவருடைய கோபம் தெரியும். எனக்குத் தெரிந்த சேர், ஓய்வுபெற்ற பிறகு குருவி பிடித்த சேர். மயிரிழை மாதிரி மெல்லிய வலையை உடைமரங்களுக்கு நடுவே கட்டி, விழும் குருவியைப் பதமாக எடுத்து, நிறுத்து, இறக்கை அளந்து, காலில் இலக்கம் பொறித்த வளையம் போட்டு விட்டுவிடுவார். பிறகு எந்த நாட்டிலாவது அது அகப்பட்டால், அது போய்வரும் பாதை தெரியும். அனுமதிப்பத்திரம் அவர் பெயரில் இருந்தது. கம்பு சுமக்கவும் வலை கட்டவும் நாங்கள் மூன்று பேர். தாழ்வுபாட்டு மீனவர்கள் பகிடி பண்ணாமல் விடமாட்டார்கள். "சேரும் வலை போடுறார், ஆனா வீட்டில ஒரு நாளும் கறி இல்லை" என்பார்கள். ரீச்சரும் சேர்ந்து சிரிப்பார்.

குருவியைக் கையில் வைத்திருக்கும் நேரத்தைப் பற்றி அவருக்கு ஒரு பேச்சு இருந்தது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். "சண்டை நேரம் ஆமிக்காரர் எங்களை எத்தினை சென்றியில மறிச்சவங்கள்? அடையாள அட்டையைப் பாத்தாச்செண்டா விடவேணும். பிறகும் வெய்யிலுக்க நிப்பாட்டி வைக்கிறதுக்குப் பேர் என்ன?" யாராவது தாமதித்தால், "விடு, அது போகவேண்டிய சனம்" என்று அதட்டுவார். குருவியைச் சனம் என்றுதான் சொல்வார்.

ஒரு நாள் காலையில் வாடைக்காற்று பலமாக இருந்தது. வலையில் விழுந்தது ஒரு சின்ன ஈப்பிடிப்பான். தொண்டையைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், மறுபடியும் தொண்டையைப் பார்த்தார். வடக்கே பனிக்காட்டில் கூடு கட்டி, குளிருக்கு வேறு எங்கோ போகிற இனம். காற்றில் திசைமாறி எங்கள் தீவில் இறங்கியிருக்கிறது. இலங்கையில் இதற்கு முன் எவரும் கண்டதில்லை என்று இரண்டு முறை சொன்னார். வளையம் போட்டார், அளந்தார், எழுதினார். அப்போதே விட்டிருக்கவேண்டும்.

அத்தாட்சிக்கு நாங்கள் எடுத்த படம் தெளிவில்லை. ஒருவன் நிழல் விழுகிறது என்றான். மற்றவன் இறக்கையின் உட்பக்கம் தெரிந்தால்தான் கொழும்பில் பறவை ஆராய்கிறவர்கள் நம்புவார்கள் என்றான். நான் கிழக்கே திரும்பச் சொன்னேன். சேர் திரும்பினார். "இன்னும் ஒண்டு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பிறகும் ஒன்று. குருவி கண்ணை மூடித் திறந்தது. அவர் கையை விரித்தார், அது போகவில்லை. நிழலில் வைத்தார், துணியால் காற்று மறைத்தார். கொஞ்ச நேரத்தில் அதன் தலை சரிந்தது. அவர் மணலில் குந்திவிட்டார். வலையை நாங்கள்தான் அவிழ்த்தோம். பிறகு அவர் வலை கட்டவே இல்லை. அனுமதிப்பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

படம் பத்திரிகையில் வந்தது, குருவி செத்தது வரவில்லை. சந்தையில் அதற்கு ரஷ்யாக் குருவி என்று பெயரும் வைத்தார்கள். பள்ளிக்கூடங்களில் சேரை அழைத்து மாலை போட்டார்கள். போன இடமெல்லாம் அவர் முழுவதையும் விளக்கிவிட்டு, கடைசியில் ஒரு வசனம் சொல்வார்: "அந்தக் குருவி என்ர கையில செத்தது." பள்ளி அதிபர் எழும்பி அவசரமாக நன்றியுரை சொல்வார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாது. ஒருமுறை மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, அதையும் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "குருவிக்கு அதுதானே நடந்தது" என்றார்.

போன கிழமை அவருடைய முப்பத்தோராம் நாள் பூசை. பிறகு தேவாலய மண்டபத்தில் நினைவுக்கூட்டம். மேடையில் கட்டியிருந்த பதாகையில் சேரின் முகமும் பக்கத்தில் அந்தக் குருவியின் படமும். அந்தப் படத்தை இளைஞர் கழகத்துப் பெடியள் கேட்டார்கள். யோசிக்காமல் அனுப்பியது நான்தான். கடைசி நிமிடங்களில் எடுத்த படம் அது. பெரிதாக்கியபின் பார்க்கிறேன், குருவியின் கண் பாதி மூடியிருக்கிறது. வேறு எவருக்கும் அது தெரிந்த மாதிரி இல்லை.

என்னைப் பேச அழைத்தார்கள். நன்றாகத்தான் பேசினேன். சனம் சிரித்தது, கண்ணைத் துடைத்தது. குருவியிடம் வந்ததும் எல்லா முகங்களும் என்னை ஆவலோடு பார்த்தன. "வளையம் போட்டு, முத்தமிட்டு, வானத்தில் பறக்க விட்டார்" என்று சொல்லிவிட்டேன். முத்தம் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. முன்வரிசைக் கதிரையில் மேரி ரீச்சர் மட்டும் தட்டவில்லை.

தேநீர் அவரே கொண்டுவந்து தந்தார். கோபம் இல்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, குருவி பறந்ததெண்டு சொன்னீங்கள்."

"ஓம் ரீச்சர்."

"அவர் இருந்திருந்தா எழும்பித் திருத்தியிருப்பார்."

அவர் அடுத்த ஆட்களுக்குத் தேநீர் கொடுக்கப் போய்விட்டார். தேநீரைக் கதிரையில் வைத்தேன். வெட்கத்தில் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமலே வெளியேறினேன். அந்தப் பேச்சை யாரோ ஃபோனில் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் அதைப் போட்டுக் காட்டி, அருமை என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கூனிக் குறுகிப் போகிறேன். உயிரோடு இருந்தவரை அந்த மனிதர் தன்னைப் பற்றி ஒரு பொய்கூட நிலைக்க விடவில்லை. அவர் வாய் மூடி ஒரு மாதத்தில், அன்பு என்ற பெயரில், நான் ஒன்றைக் கட்டிவிட்டேன்.

அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சேரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு வசனம். எழும்பிச் சொல்ல அவர் இல்லாதபடியால் இனி அதைச் சொல்லவேண்டியவன் நான். அந்தக் குருவி பறக்கவில்லை. டொமினிக் சேரின் கையில், நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, செத்தது.