பிராந்தி பாட்டிலில் நல்லெண்ணெய்

வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். மலைமேல் அந்த ஊரில் வாரம் ஒரு சந்தை. மற்ற நாளில் சாமையும் தீப்பெட்டியும் கிடைக்கும், மேகம் கிடைக்கும். அங்கேதான் என் தங்கைக்கு முதல் டீச்சர் வேலை. மூன்றாம் மாதம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்.

"முடியலண்ணா. நாளைக்கு மத்தியான பஸ்ஸுல நீயும் அம்மாவும் வாங்க. வரலன்னா அதே பஸ்ஸுல எறங்கி வந்துடுவேன். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அம்மா அழவில்லை. கூடையை எடுத்தாள். பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டில் அவள் நடந்த வேகத்துக்கு என் செருப்பு அறுந்தது. பொன்னி அரிசி, துவரம்பருப்பு, புளி, தாளிப்பு வடகம். குருசுக்குப்பத்து மீன்காரியிடம் நெத்திலிக் கருவாடு. வீட்டுக்கு வந்து நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் மூன்று பிராந்தி பாட்டில்களில் ஊற்றி மூடியை இறுக்கினாள். எங்கள் ஊரில் குடிக்காத வீட்டிலும் அந்தப் பாட்டில் இருக்கும். எண்ணெய்க்கு அதுதான் பாத்திரம். இரண்டு பேருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

காலையில் திருவண்ணாமலை பஸ். கோரிமேடு தாண்டியதும் தமிழ்நாட்டுச் செக்போஸ்ட். போலீஸ்காரர் பையை அமுக்கினார். கண்ணாடி கிணுங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போளூரிலிருந்து மலைக்குப் போகிற பஸ் ஒன்றே ஒன்று, இங்கே தாமதமானால் அதை விட்டுவிடுவோம்.

"மூணு பாட்டிலா? யாருக்கும்மா?"

"எம் பொண்ணுக்கு சார்."

பஸ்ஸே சிரித்தது. "தலைக்குத் தேய்க்க" என்றாள் அம்மா, தாமதமாக.

பின்சீட்டுக்காரர் ஒருவர், "வுடுங்க சார், பாண்டிச்சேரிக்காரங்க தீர்த்தத்தையே குவாட்டர்லதான் வெப்பாங்க" என்றார்.

போலீஸ்காரர் பையைப் பிடித்து இழுத்தார். ஒரு காது அறுந்து அவர் கையோடு வந்தது. ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்து முகம் சுளித்தார்.

"வெளக்கெண்ணெய். ஒரு மொடக்கு குடிச்சுப் பாருங்க, காலைல தெரியும்" என்றாள் அம்மா.

"எடுத்துட்டுப் போம்மா" என்று சிரித்துவிட்டார்.

திருவண்ணாமலையில் பஸ் மாறிப் போளூரில் இறங்கியபோது மலை பஸ் நகர ஆரம்பித்திருந்தது. அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். அதன்பின் வளைவுகள், வளைவுகள், காது அடைப்பு, ஜன்னலில் குளிர்.

நிறுத்தத்தில் தங்கை நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். காலடியில் புடைத்த ஜிப் பை. அம்மா காதறுந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். தங்கை எட்டிப் பார்த்தாள்.

"இதுலயாம்மா ஊத்தியாந்த? செக்போஸ்ட்ல புடிக்கல?"

"புடிச்சாங்க. மோந்து பாத்துட்டு வுட்டுட்டாங்க."

சிரித்தாள். பழக்கம் விட்டுப்போன சிரிப்பு, ஒரு பக்கமாகக் கோணியது. பஸ் திரும்பி நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஏறுறீங்களா?" என்றார் கண்டக்டர்.

அவள் குனிந்து ஜிப்பைத் திறந்தாள். புடவைகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். காலியான பையில் பாட்டில்களை ஒவ்வொன்றாக நிற்கவைத்தாள்.

"கருவாடு எங்க?" என்றாள்.