பூசையில் இருந்த ஸ்பேனர்

எந்த இயந்திரமும் ஒரு தடவை இருமினால் போதும், அதற்கு என்ன வியாதி என்று காதாலேயே சொல்லிவிடுவேன் என்று நாற்பத்து மூன்று வயது வரை நம்பியிருந்த முட்டாள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆயுத பூசை நாளன்று, இலங்கை மலையகத்தில் கந்தப்பளையிலிருந்து நுவரெலியா போகும் ரோட்டில் அந்த நம்பிக்கை போய்விட்டது.

அப்போது நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையைக் கவனிக்கும் டீமேக்கர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தேன். மோட்டார் பழுது பார்ப்பது பற்றிய தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றையும் கூடவே கொடுத்துவிட்டுப் போனார். வண்டியைவிடப் புத்தகம்தான் நன்றாக ஓடியது. மூன்று தடவை படித்துவிட்டேன்.

பூசைக்காக அன்று காலை நான்கு சக்கரங்களையும் கழற்றிக் கழுவினேன். திரும்ப மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி முடித்த நேரத்தில், ஆயுதங்களைக் கொண்டுவரச் சொல்லி ஸ்டோரிலிருந்து ஆள் வந்தது. நட்டுகளை இறுக்கும் வீல் ஸ்பேனரும் ஆயுதம்தானே? சந்தனம் குங்குமம் வைத்து, அதையும் சாமி படத்தின் முன்னால் வைத்தேன். பூசையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடுவதில்லை. வண்டிக்கும் இன்று ஓய்வுதான், நாளைக்கு இறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பிற்பகலில் தொழிலாளர் லயத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார். மனைவிக்கு விடியற்காலையிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாராம். தோட்டத்து லொறி வெளியே போயிருந்தது. அந்த அவசரத்தில் நட்டுகளைச் சுத்தமாக மறந்தேன். பின்னால் மெத்தை விரித்து அந்தப் பெண்ணையும் மருத்துவச்சியையும் ஏற்றினோம். கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒரு மைல் போயிருப்போம். 'டொக், டொக்' என்று சத்தம். நேர் ரோட்டில் அடங்கியது, வளைவில் கூடியது. ஸ்பிரிங் பட்டை என்றேன். சத்தம் மாறியது, பின் அச்சிலுள்ள டிபரன்ஷியல் என்று தீர்ப்பை மாற்றினேன். உள்ளே பல்சக்கரம் எப்படித் தேய்கிறது என்று, பின்னால் மனைவி முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு விளக்கவும் செய்தேன். "ஆமாங்க, ஆமாங்க" என்றார் பாவம். வேறு வண்டிக்கு அவர் எங்கே போவார்?

மருத்துவச்சி பின் கண்ணாடியைத் தட்டி நிறுத்தச் சொன்னார். பயமில்லை, டிபரன்ஷியல்தான் என்று கத்தினேன். இரண்டாம் தடவை தட்டிய தட்டில் கண்ணாடி எப்படித் தப்பியதோ.

"சக்கரம் தனியா ஆடுதுங்க ஐயா. இங்க ரெண்டு உசுரு கெடக்கு. எறங்கிப் பாத்துட்டு அப்புறமாப் பேசுங்க."

இறங்கினேன். இடது பின்சக்கரத்தில் ஐந்து நட்டுகளுக்கு இரண்டுதான் மிச்சம். அவையும் விரல் பட்டதும் சுழன்றன. இரண்டு முழம் தள்ளிப் பள்ளம்.

வாழைக்கன்று கட்டிய லொறி ஒன்று வந்தது. அந்த டிரைவர் கையை விரித்தார். அவருடைய ஸ்பேனரும் பூசையில். அடுத்து வந்தது முஸ்லிம் முதலாளி ஒருவரின் மரக்கறி லொறி. அதில் ஸ்பேனர் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. முதலாளியே இறங்கி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, மற்ற மூன்று சக்கரங்களிலும் ஒவ்வொரு நட்டைக் கழற்றி இதில் போட்டு, எல்லாவற்றையும் இறுக்கினார். ஏன் இப்படி ஆனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை எங்கள் பின்னாலேயே வந்துவிட்டுத்தான் திரும்பினார்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்ற பிறகுதான் நான் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியும் என்ற நினைப்பு, நட்டில்லாத சக்கரத்தைவிட ஆபத்தானது என்பதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மருத்துவச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். இருபது வருஷம் இயந்திரச் சத்தத்தோடு பழகிய காது எப்படி ஏமாந்தது என்றுதான் விளங்கவில்லை என்றேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்:

"காதுல ஒரு கொறையும் இல்லீங்க ஐயா. வாய் ஓஞ்சாத்தானே அதுக்குக் கேக்கும்."