பல் டாக்டரும் நாற்பத்திரண்டு மூட்டைகளும்

எங்கள் அண்ணிக்கு வேலை செய்யும் இடத்தில் ‘பல் டாக்டர்’ என்று பட்டம். யாரோ கிண்டலாக ஆரம்பித்தது. இப்போது முதலாளியே “டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க” என்கிறார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனவள். அவள் பிடுங்கியதெல்லாம் பழைய கம்ப்யூட்டர்களின் பற்கள்.

பழைய கம்ப்யூட்டர், போன், பிரின்டர் எல்லாவற்றையும் பிரித்துப் போடுவதுதான் எங்கள் பட்டறையின் வேலை. நீளமான தகரக் கூரை, ஆறு மேசை, காற்றைவிடச் சத்தம் அதிகம் தருகிற மின்விசிறி இரண்டு. கம்ப்யூட்டருக்குள் சில பச்சை போர்டுகள் இருக்கும். அவற்றை இன்னொன்றில் செருகுகிற ஓரத்தில் வரிசையாகப் பொன்னிறக் கோடுகள் தெரியும். மேலே பூசியிருப்பது நிஜத் தங்கம். மெல்லிய பூச்சுதான், ஆனாலும் தங்கம். அந்த ஓரத்தைத்தான் நாங்கள் பல் என்போம். தகரம் வெட்டும் கத்தரியால் அதை நறுக்கி எடுப்பதில் அண்ணியை மிஞ்ச ஆள் கிடையாது. முன்பு சட்டைக்குப் பொத்தான் தைக்கும் கம்பெனியில் இருந்தவள். போர்டைப் பார்க்கக்கூட மாட்டாள். இடது கை எடுக்கும், வலது கை நறுக்கும், பல் காலடியில் இருக்கும் தகர டப்பாவில் விழும், போர்டு பக்கத்துக் கூடையில் விழும். வாய் அது பாட்டுக்கு என்னோடு பேசிக்கொண்டிருக்கும்.

நான் அவளுக்கு நாத்தனார். அதே பட்டறையில் மூட்டைகளுக்கு லேபிள் எழுதுவதும், கை ஓய்ந்த நேரத்தில் பேட்டரி கழற்றுவதும் என் வேலை. முறைக்கு அவள் எனக்கு அண்ணி, வயதில் என்னைவிட இரண்டு வருடம் சின்னவள். நான் அவளை அண்ணி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, அதை நான் மறைக்கவும் இல்லை. எனக்குக் கோபம் மூக்கு மேலே இருக்கும். அவளோ எதற்கும் முகம் மாறாமல் நிற்பாள். அப்படிப்பட்டவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் நறுக்குகிற பல்லெல்லாம் போய்ச் சேரும் இடம் பின்புறம் இருந்த ஆசிட் கொட்டகை. அங்கே நின்றவன் என் அண்ணன். பிளாஸ்டிக் பீப்பாயில் ஆசிட்டை ஊற்றி, பல்லைப் போட்டு, குச்சியால் கிளறுவான். பழுப்பு நிறப் புகை எழும். எல்லாம் கரைந்து, கடைசியில் காபிப் பொடி மாதிரி கொஞ்சம் தங்கத்தூள் அடியில் நிற்கும். அதை உருக்கினால் மிளகளவு மணி. முதல் முறை அதைக் கையில் வைத்துக் காட்டியபோது அண்ணன் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. அந்த மிளகுக்காக மற்றதையெல்லாம் சாக்கடையில் ஊற்றினோம். அவன் நெஞ்சையும் சேர்த்துத்தான் ஊற்றினோம் என்று பிறகுதான் புரிந்தது. எட்டு வருடத்தில், மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடும் ஆளாகிவிட்டான். மனைவி நறுக்கிக் கொடுக்க, புருஷன் கரைக்க, இருமல் மட்டும் வீட்டுக்கு வந்தது.

இந்த வருட ஆரம்பத்தில் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். தூரத்து ஊரில் பெரிய உருக்காலை ஒன்று இருக்கிறதாம். போர்டுகளை அப்படியே வாங்கி, மூட்டை மூட்டையாக அரைத்துச் சோதித்து, உலையில் உருக்கி, தங்கம், வெள்ளி, செம்பு, பல்லேடியம் என்று ஒன்றுவிடாமல் எடுக்கிறார்களாம். புகையையும் வெளியே விடுவதில்லையாம்.

“ஒரு லோடு அனுப்பிப் பாக்கச் சொல்லியிருக்காங்க. புடிச்சிருந்தா மாசா மாசம் எடுத்துக்குவாங்க. அப்படி ஆச்சுன்னா கொட்டகையை இழுத்து மூடிடலாம். ஆனா போர்டு முழுசா இருக்கணும். பல்லைத் தொடக் கூடாது. பேட்டரி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. மூட்டை மேல என்ன எழுதியிருக்கோ அதுதான் உள்ள இருக்கணும்.”

“புடிக்கலைன்னா?” என்று அண்ணி கேட்டாள்.

“புடிக்கலைன்னா பழையபடி கொட்டகைதான். வேற என்ன பண்றது?”

லோடு சேரும்வரை கொட்டகைக்குப் பூட்டு. அண்ணன் முன்பக்கம் உட்கார்ந்து திருகாணிகளைப் பிரித்தான். இருமல் கொஞ்சம் அடங்கியது. அண்ணி அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். மருத்துவர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை அந்தப் புகையில் நின்றால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆறு வாரத்தில் நாற்பத்திரண்டு மூட்டை சேர்ந்தது. ஒவ்வொன்றின் மேலும் ‘முழு போர்டு, பல்லுடன்’ என்று குண்டு குண்டாக எழுதி ஒட்டினேன். லாரி திங்கட்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மதியம் அண்ணி தன் மேசைக்கு அடியில் பெருக்க உட்கார்ந்தாள். பழைய தகர டப்பாவை நகர்த்தப் போனாள். டப்பா கனத்தது. ஆறு வாரமாகக் காலியாக இருக்க வேண்டிய டப்பா.

உள்ளே முக்கால்வாசிக்குப் பல்.

“அக்கா,” என்றாள். “நான் பல்லைப் புடுங்கிட்டேன்.”

“என்ன உளர்ற?”

“அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து நேரா இங்கதானே வந்தேன். சாயங்காலம் வரைக்கும் டாக்டர் சொன்னதே காதுல கேட்டுக்கிட்டு இருந்துது. கை என்ன பண்ணுச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியல.”

எட்டு வருடம் பழகிய கை. மனசு இல்லாத நேரத்தில் அது தன் வேலையைப் பார்த்திருக்கிறது. எந்த மனுஷனுக்காக அதைச் செய்யக் கூடாதோ, அந்த மனுஷனை நினைத்துக்கொண்டே செய்திருக்கிறது. அந்தப் போர்டுகள் மற்ற மேசைகளின் போர்டுகளோடு கலந்து எந்த மூட்டையில் இருக்கின்றன என்று கடவுளுக்கே தெரியாது. நான் லேபிள் எழுதினேனே தவிர, ஒரு மூட்டையையாவது எட்டிப் பார்த்தேனா? இல்லை. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

நான் ஒன்று சொன்னேன். நல்ல புத்தியில்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். “யாருக்கும் தெரியாது. டப்பாவை எடுத்து மறைச்சிடு. வாயைத் திறக்காதே.”

அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக முதலாளியின் அறைக்குப் போனாள்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவர் வியாபாரி, ஐந்தே நிமிடத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார். “இதுக்கா இவ்ளோ? மூட்டை வாயைத் திற, ஒவ்வொண்ணுலயும் ஒரு பிடி தூவு, கட்டு. தங்கம் எங்கயும் போகலையே. உள்ளதானே இருக்கு?”

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

“இல்ல முதலாளி,” என்றாள் அண்ணி. “அவங்க மேலாக அள்ளிப் பாக்க மாட்டாங்க, அரைச்சுத்தான் பாப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? எந்த மூட்டையில பல்லு இல்லன்னு நமக்கே தெரியாது. ஒண்ணுல தங்கம் கூட வரும், ஒண்ணுல குறையும். முழு போர்டுன்னு எழுதி வெட்டுனதை அனுப்பினா, அடுத்த தடவை நாம எதை எழுதினாலும் நம்புவாங்களா?”

“அப்ப என்ன பண்ணச் சொல்ற? லாரி திங்கக்கிழமை காலையில வந்து நிக்கும்.”

“நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல? நாப்பத்திரெண்டையும் கொட்டிப் பிரிச்சுடறேன். வெட்டுனது தனி மூட்டை. இந்த டப்பா தனி. எல்லாத்து மேலயும் உள்ளதை எழுதி அனுப்புவோம்.”

“தனியாவா பிரிப்ப?”

“தனியாத்தானே புடுங்கினேன்.”

முதலாளி கெட்டவர் இல்லை. கொட்டகைப் புகை அவர் கண்ணையும்தான் எரித்தது. “இங்க பாரும்மா. நம்ம தப்பை நாமே எழுதிக் குடுத்து அவங்க வேணாம்னுட்டா, கொட்டகையைத் திறந்துதான் ஆகணும். அந்த வேலை தெரிஞ்சது உன் வீட்டுக்காரருக்கு மட்டும்தான். அவரைத்தான் கூப்பிடுவேன். யோசிச்சுக்கோ.”

“தெரியும்,” என்றாள்.

வீட்டுக்கு வரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். பெரிய அரிச்சந்திரன் பேத்தியா நீ, என் அண்ணன் உயிரை வைத்தா உன் நேர்மை என்றெல்லாம் கேட்டேன். எவ்வளவு சொல்லக் கூடாதோ அவ்வளவும் சொன்னேன். அவள் ஒரே ஒரு பதில்தான் சொன்னாள். “இந்த லோடுல ஏமாத்திட்டு அடுத்த லோடுல மாட்டினாலும் அவர்தானே அக்கா போய் நிக்கணும்?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் போனோம். பெரிய தார்ப்பாயை விரித்து முதல் மூட்டையைக் கொட்டினோம். வெயில் ஏறுவதற்குள், பட்டறையில் ஒயர் உரிக்கிற அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சேர்ந்தார். “லீவு நாள்ல வீட்ல இருந்தா என் மருமகளுக்கும் எனக்கும் ஆகாது” என்று தானாகவே காரணம் சொன்னார். மானிட்டர் பிரிக்கிறவர் வந்து தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்தார். பத்து மணிக்கு அண்ணன் வந்தான், முகமூடி மாட்டிக்கொண்டு. கதவோரம் காற்று வரும் இடமாகப் பார்த்து ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டான்.

“உங்களை யாரு வரச் சொன்னா?” என்றாள் அண்ணி.

“பல்லு இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்கு என்ன நுரையீரலா வேணும்? கண்ணு போதும். கொட்டு.”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை அன்றுதான் செய்தோம். ஒவ்வொரு போர்டாக எடுத்து, ஓரத்தைத் தடவிப் பார்த்து, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போட்டோம். மதியத்துக்குள் எனக்கு முதுகு விட்டுப்போனது. நாலு மணிக்கு முதலாளி வந்தார், வாசலிலேயே நின்றார், பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் முடித்தோம். வெட்டியவை மொத்தம் ஒன்றரை மூட்டை.

லேபிள் எழுதுகிற கட்டம் வந்தது. நான் ‘ஓரம் சற்றே குறைந்தவை’ என்று நாசூக்காக எழுதினேன். அண்ணி அதைக் கிழித்தாள். “என்னக்கா, கல்யாணப் பத்திரிகையா எழுதறீங்க? வெட்டியதுன்னு எழுதுங்க.” பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்: ‘பல் வெட்டியது. எங்கள் கைத்தவறு. வெட்டிய பல் டப்பாவில் தனியாக உள்ளது.’ லாரி போனது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். போன் மணி அடிக்கும்போதெல்லாம் அண்ணியின் கை நிற்கும். கொட்டகைப் பூட்டை யாரும் பார்க்கவில்லை என்பது போல நடந்துகொண்டோம். எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன் வந்தபோது மணி பதினொன்று இருக்கும். முதலாளி சத்தத்தைக் கூட்டி மேசை மேல் வைத்தார். மறுமுனையில் உருக்காலையில் சோதனை பார்க்கும் பெண்.

“அந்தத் தகர டப்பாவை அனுப்புனது யாரு?”

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணிதான் முன்னால் வந்தாள். “நான்தாங்க.”

“பத்து வருஷமா இந்த வேலை பாக்கறேன். எழுதறது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணுன்னுதான் பாதி லோடு வரும். தப்பை டப்பாவுல போட்டு லேபிள் ஒட்டி அனுப்புன ஆளை இப்பதான் பாக்கறேன்.” அவர் சிரித்தார். “நீங்க எழுதுனதும் எங்க சோதனையும் மூட்டைக்கு மூட்டை ஒத்துப்போகுது. மாசம் ஒரு லோடு அனுப்புங்க. ஒரே ஒரு குறை. மூணு போர்டுல பொத்தான் பேட்டரி இருந்துது. அதை மட்டும் கவனமா பாருங்க.”

பேட்டரி கழற்றுவது யார் வேலை என்று முன்பே சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் பார்க்கவில்லை, அதற்காகவே பழைய சண்டைக்கெல்லாம் அவளை நான் மன்னித்தேன்.

முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். மிச்சமிருக்கும் ஆசிட்டை முறையாக எடுத்துப் போக வண்டிக்குச் சொல்ல வேண்டும், பீப்பாய்களை அப்புறப்படுத்த வேண்டும், அந்த இடத்தில் ஒயர் உரிக்கும் இயந்திரம் வைக்கலாம் என்று நடந்துகொண்டே பேசினார். எல்லாரும் அவர் பின்னால் போனார்கள். அண்ணி மட்டும் மேசையருகே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அண்ணன் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தான்.

“நல்ல சேதிதானே வந்திருக்கு? எதுக்கு இப்ப அழற?”

“இனிமே ராத்திரி எந்திரிச்சு, நீங்க மூச்சு விடறீங்களான்னு மூக்குல கை வெச்சுப் பாக்க வேணாம்ல?” என்றாள் அவள்.

அண்ணனுக்கு இது தெரியாது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கிற எனக்கும் அன்றுதான் தெரியும். எத்தனை வருடமாகப் பார்த்தாள், ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை எழுந்தாள் என்று நான் கேட்கவில்லை. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.