பறித்ததெல்லாம் ஆண்பூ

நான் பாட்டனி வாத்தியார். பூவில் எது ஆண், எது பெண் என்று பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவன். என் வீட்டு விஷயத்தில் மட்டும் மூச்சு விடாமல் இருந்தேன்.

ஆரியசாலையில் ஒரு சந்துக்குள் எங்கள் மாடிவீடு. மொட்டைமாடியில் குரோ பேக்கில் மண்ணும் சாணப்பொடியும் நிரப்பி மத்தன் என்கிற பரங்கி விதை ஊன்றியது என் மனைவி. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. அந்தக் கொடியை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு மத்தம்பூத் துவரன் என்றால் உயிர். பூப்பறிக்க எங்கள் வீடுகளில் ஒரு முறை உண்டு. அடியில் பிஞ்சு இருக்கிற பூவைத் தொடக் கூடாது. நீளக் காம்பில் சும்மா நிற்கிற பூவைத்தான் பறிக்க வேண்டும். அம்மா விடிந்ததும் மாடியேறி, சும்மா நிற்பதை ஒன்று விடாமல் பறித்துவிடுவாள். தேங்காய் துருவிப் போட்டு அவள் வதக்குவதை நானும் சப்புக்கொட்டித் தின்றேன். தின்றதெல்லாம் ஆண்பூ என்பது பாட்டனி வாத்தியாருக்கு உறைக்கவில்லை.

பிஞ்சுகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்து, நுனி அழுகி விழுந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மாடியிலிருந்து கூப்பிட்டாள். போனேன். துணி உலர்த்த வாளியோடு மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

"இது மலட்டுக் கொடியாக்கும் மக்களே. எத்தன பூத்து என்ன, ஒண்ணும் நிக்கல்லியே. பிடுங்கிப் போடு."

சொல்லிவிட்டு மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். இந்தப் பார்வையும் பேச்சும் என் மனைவிக்குப் புதிதல்ல. தலையைக் குனிந்துகொண்டாள்.

தம்பானூர்ப் பக்கம் ஒரு டாக்டர் இரண்டு பேரையும் சோதித்துவிட்டுச் சொன்னது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். குறை என்னிடம். "அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள், ஒரே ஒரு தடவை. சொல்கிறேன், சொல்கிறேன் என்று நாலு வருடம் ஓட்டினேன். வெட்கம், வேறொன்றுமில்லை.

அம்மாவின் கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்து இதழ்களைக் கிள்ளிப் போட்டேன். நடுத்தண்டின் மஞ்சள் தூள் விரலில் ஒட்டியது.

"இந்தத் தூள் அந்தப் பூவுக்குள்ள போணும்மா. போனாத்தான் உள்ள விதை பிடிக்கும். விதை பிடிச்சாத்தான் பிஞ்சு நிக்கும். நீ தூள் உள்ள பூவெல்லாம் பறிச்சாச்சு. பெண்பூவுக்கு ஒரு குறையும் இல்ல."

பத்து மணிக்குள் பூ கூம்பிவிடும். திறந்திருந்த ஒரே பெண்பூவின் நடுவில் அந்தத் தண்டை வைத்துத் தேய்த்தேன். இப்போது சொல்லாவிட்டால் என்றைக்குமே சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"இவளுக்கும் குறையில்லம்மா. எனக்குத்தான். டாக்டர் சொல்லி நாலு வருஷமாச்சு."

அம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"இவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன நான் பேசினதெல்லாம் எதுக்குலே இவளக் கேக்க வச்சே?"

என் மனைவி வாளியை வைத்துவிட்டு, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். என் பக்கம் திரும்பவே இல்லை.