இடது காதில் தமிழ், வலது காதில் இந்தி

என் அண்ணன் மரியசூசை முப்பத்து மூன்று வருடம் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்பேர்ப்பட்ட மனுசர் போன வருடம் ஒரு லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மாதம் முழித்த முழியை நான் கூடவே இருந்து பார்த்தேன். நான் தா.பழூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். டீச்சர் என்றால் கம்ப்யூட்டர் தெரிந்திருக்கும் என்று அண்ணனுக்கு ஒரு நம்பிக்கை. அரியலூரில் அவருக்கு அடுத்த தெருவிலேயே குடியிருப்பது என் தலையெழுத்து.

அண்ணன் மகன் கிளமெண்ட் ஒடிசாவில் வேலை பார்த்தபோது அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். பெயர் அனிமா குஜூர். அவர்களும் எங்களைப் போல மாதா கோயில், ஞாயிறு பூசை என்று இருக்கிற குடும்பம்தான், அதனால் கல்யாணத்துக்கு யாரும் மூஞ்சியைத் தூக்கவில்லை. பிறகு அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. பெண்சாதிக்கு விசா வர ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை இங்கே இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

அனிமாவுக்கு இந்தி தெரியும், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அண்ணி அடைக்கலமேரிக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. அண்ணனுக்கு இந்தி தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். அது ஆலையில் வடக்கத்தி ஆட்களோடு பழகியது. கயிற்றைப் பிடி, கரண்டை நிறுத்து, தொப்பியைப் போடு, இவ்வளவுதான் அந்த இந்தி. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள் என்று சொல்லத் தெரியாமல், இன்னும் லோடு ஏற்று என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தது.

அண்ணி அவளுக்குச் சொல்லிக் கொடுத்த தமிழ் ஒன்றே ஒன்றுதான், அதுவும் சொல்லிக் கொடுக்க நினைத்துச் செய்ததில்லை. கொல்லையில் கருவேலம் புதர் ஓரம் ஒரு கட்டுவிரியன் தென்பட்டதிலிருந்து, அனிமா துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அண்ணி அடுப்படியிலிருந்தே கத்துவார்: "அந்தப் பக்கம் போவாத." இரண்டு வாரத்தில் அனிமா பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்த்து "போவாத, போவாத" என்று கையை வீசிக்கொண்டிருந்தாள். மற்றபடி வீட்டில் இரண்டு பொம்பளைகளும் தட்டை வைப்பதும் எடுப்பதுமாக வாயைத் திறக்காமலே நாளைக் கழித்தார்கள்.

அண்ணனுக்கு அது தாங்கவில்லை. கிளமெண்ட் விட்டுப்போன லேப்டாப்பில் நிறையப் படங்கள் இருந்தன. ஒரு ஞாயிறு மத்தியானம், பூசை முடிந்து கறிச்சோறு சாப்பிட்ட பிறகு, முக்காலியில் லேப்டாப்பை வைத்து ஒரு குடும்பப் படத்தைத் திறந்தார். ஆட்கள் தெலுங்கில் பேசினார்கள்.

"என்னாங்க, நம்ம ஆளுவோ பேசுற மாரி இல்லையே" என்றார் அண்ணி.

ஒரே படத்துக்குள் தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம் என்று ஐந்து ஒலி இருக்கிறது என்பதே அண்ணனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை மாற்ற எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. அரியலூரில் ஒரு கடைக்குப் போனார். ரோட்டில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்பு படம் போட்ட பிளேயர் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார்கள். இன்னொரு கடைக்காரர் அது வேண்டாம், இதுதான் நல்லது என்று நீலமாக ஒன்றைப் போட்டார். மூன்றாவது கடையில் இரண்டையும் பார்த்துச் சிரித்துவிட்டு மூன்றாவதாக ஒன்று. ஒன்றில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. ஒன்றில் சத்தம் வந்தது, படம் விக்கி விக்கி வந்தது. ஒன்று ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிடிவாதமாக மலையாளமே பேசியது. சாயங்காலமானால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். எது நல்லது என்று என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தலை சுற்றியது.

கடைசியில் கூம்புதான் என்று முடிவு செய்தார். "வேல நடக்குற எடத்துல வைக்கிறதும்மா. நம்பலாம்" என்றார். நல்ல காரணம். அதில் ஒலி என்ற இடத்தை அமுக்கினால் ஐந்து மொழியும் வரிசையாக வந்தன, ஒன்றின் பக்கத்தில் புள்ளி இருந்தது. புள்ளியைத் தமிழுக்கு நகர்த்தினால் அனிமா பத்து நிமிடம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்துவிட்டு அறைக்குப் போய்விடுவாள். இந்திக்கு நகர்த்தினால் அண்ணி கொட்டாவி விட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போவார்.

"ஒரு நாளு தமிழு, ஒரு நாளு இந்தின்னு வச்சிக்கயேன் அண்ணே" என்றேன்.

"அது ஷிப்டு. நான் கேக்குறது ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து பாக்குறது. லைட்டுக்கு ஒரு சுவிட்சு, ஃபேனுக்கு ஒரு சுவிட்சு, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுதா இல்லையா? இதுல மட்டும் ஏன் ஒண்ணப் போட்டா ஒண்ணு அணையுது?"

அவர் விடுகிற ஜாதி இல்லை. கூம்பில் தமிழை வைத்து ஸ்பீக்கரில் விட்டார். நீலத்தில் அதே படத்தை இந்தியில் திறந்து, அதை வயர் இல்லாத ஹெட்செட்டுக்கு அனுப்பி அனிமா காதில் மாட்டினார். நீலத்தின் படம் கூம்பின் பின்னால் மறைந்திருக்கும், சத்தம் மட்டும் வரும். இரண்டையும் சட்டுசட்டென்று அடுத்தடுத்து அமுக்கினார். ஓடியது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆலைக்கே கரண்ட் கொடுத்தவர் மாதிரி.

பாதிப் படத்தில் கேஸ் சிலிண்டர்காரர் வந்தார். அண்ணன் கூம்பை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போனார். பின்னால் இருந்த நீலத்தை நிறுத்தவில்லை. திரும்பி வந்து கூம்பை ஓடவிட்டார்.

படத்தில் அப்போது ஒரு சாவு. கதாநாயகியின் அக்காவைக் கூடத்தில் கிடத்தி எல்லாரும் அழுகிறார்கள். அண்ணியின் சொந்த அக்கா ஏலாக்குறிச்சியில் அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்தான் இறந்திருந்தார். அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலியில் அனிமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அவள் காதில் படம் சாவைத் தாண்டி ஓடிப்போயிருந்தது. யாரோ இரண்டு பேர் பிரியாணியில் கறி போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் அழுகிறவர்கள் வாயெல்லாம் பிரியாணிக்குச் சண்டை போடுகிற மாதிரி இருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இது எனக்கும் அண்ணனுக்கும் பிறகுதான் புரிந்தது. அண்ணி சிவந்த கண்ணோடு அவளைத் திரும்பிப் பார்த்தார், எழுந்தார், அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அனிமா ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது என் தப்புடி. ஒரு பிளேயரு முன்னாடி ஓடிருச்சு" என்று அண்ணன் கதவுக்கு வெளியே நின்று சொன்னார்.

"பிளேயரா சிரிச்சுது? என் அக்கா பொணமாக் கெடந்தத நெனச்சு நான் அழுவுறேன், இவளுக்குச் சிரிப்பாணி. ஒங்க வயரு கதைய வேற எவகிட்டயாச்சும் சொல்லுங்க."

அனிமாவுக்கு விளக்கிச் சொல்லவும் அண்ணனிடம் இந்தி இல்லை. கரண்டை நிறுத்து என்பதை வைத்துக்கொண்டு எவ்வளவு விளக்க முடியும்? கிளமெண்டிடம் யாரும் மூச்சு விடவில்லை. அண்ணிக்கு ரோஷம். அண்ணனுக்குப் பயம். நான் சொல்லியிருக்கலாம், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான்கு நாள் கழித்து கிளமெண்ட் போன் செய்தான். "அனிமா ஊருக்குப் போறேங்கறாப்பா. விசா வர்ற வரைக்கும் அங்க இருக்கட்டும். அடுத்த வியாழக்கெழம காலைல ரயிலு. மெட்ராசுல அவ சித்தப்பா வந்து கூட்டிக்குவாரு." ஏன் என்று கேட்டால் ஒன்றுமில்லை, அம்மா ஞாபகமாக இருக்கிறது என்றாளாம்.

அண்ணி "போவட்டும்" என்றார். அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அண்ணன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார். கூடவே நானும். அங்கே பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிளமெண்டோடு படித்த பரணிதரன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், நீங்க கேக்குற பிளேயர் எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றான்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, முன்னாடி சிடி வருமே, அதுல ரெண்டு பாஷ இருக்கும். எடது பக்க ஸ்பீக்கர்ல ஒண்ணு, வலது பக்க ஸ்பீக்கர்ல ஒண்ணு. ஒரு பக்கத்து வயரப் புடுங்கி வுட்டுட்டுதான் பாப்போம். அது மாரி இத ஆக்க முடியாதா?" என்றார்.

பரணிதரன் நிமிர்ந்து பார்த்தான். "முடியும் சார். படத்தயே மாத்திரலாம். தமிழ எடதுல தள்ளி, இந்திய வலதுல தள்ளி ஒரே ஒலியா ஆக்கித் தரேன். ரெண்டும் ஒண்ணாதான் ஓடும், முன்ன பின்ன போவாது."

"அப்ப எந்த பிளேயர்ல பாக்குறது?"

"எதுல வேணா பாருங்க சார்."

ஒரு மாத அலைச்சலுக்கு இதுவா பதில் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் மட்டும் இன்னும் சந்தேகமாக, "கூம்புலயும் வருமா?" என்று கேட்டார்.

புதன்கிழமை நாலு மணிக்கு அண்ணன் ஒரு சாதாரண வயர் இயர்போனை லேப்டாப்பில் செருகினார். இந்தி வருகிற வலது பக்கத்தில் அடையாளத்துக்குச் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார். அனிமா கூப்பிட்டவுடன் வந்தாள், அவள் பெட்டி ஏற்கெனவே கூடத்தில் கட்டி வைத்திருந்தது. அண்ணி வர மாட்டேன் என்றார். "நாளைக்குப் போயிடுவா அண்ணி. அரைமணி நேரம் ஒக்காந்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கத்திய தொண்டை, அண்ணி வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கத்தைக் காதில் மாட்டப் போனபோதுதான் ஒன்று தெரிந்தது. இரண்டு காதுக்கு நடுவே அந்த வயர் ஒரு முழம்கூட இல்லை. தனித்தனி நாற்காலிக்கு எட்டவில்லை. அண்ணன் இதை யோசிக்கவே இல்லை, தலையைச் சொறிந்தார். வேறு வழியில்லாமல் இருவரும் பெஞ்சுக்கு மாறி, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். அண்ணி தலையை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தார்.

அதே படம். வேறு படத்தை மாற்ற நேரமில்லை. எனக்கும் அண்ணனுக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை, பொம்மைகள் வாயசைப்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சாவு வந்தது. அண்ணி திரையைப் பார்க்கவில்லை, அனிமாவைப் பார்த்தார். அனிமாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கி மோவாயில் நின்றது. அவள் அதைத் துடைக்கவில்லை, வயர் இழுபடும் என்று அசையாமல் இருந்தாள்.

அப்புறம் அந்தப் பிரியாணிச் சண்டை. அண்ணி அழுதுகொண்டிருந்தவர், அடக்க முடியாமல் பக்கென்று சிரித்துவிட்டார். அதே நொடியில் அனிமாவும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. அண்ணி சட்டென்று நிறுத்திவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு இவளுக்கு இதுதான் கேட்டுச்சா?"

"அதத்தானேடி கதவுக்கிட்ட நின்னு கத்துனேன்."

அந்த நேரம் பார்த்து கிளமெண்ட் போன் செய்தான், மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்ல. அண்ணன் படத்தை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார், அண்ணி அதைப் பிடுங்கினார். "டேய், இவகிட்டச் சொல்லுடா. அன்னைக்கி நான் தப்பா நெனச்சுட்டேன்னு சொல்லு. இவ இல்லன்னா வூடு வெறிச்சுன்னு இருக்கும்னு சொல்லு. போவ வேணாம்னு இந்தில சொல்லு."

கிளமெண்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "என்னைக்கும்மா? என்ன தப்பு? யாரு என்ன சொன்னா?" என்று குழம்பினான். பிறகு, "போவ வேணாம்ங்கறத நீயே சொல்லேன்மா. அந்த ஒரு தமிழு அவளுக்குத் தெரியும்" என்றான்.

அண்ணி போனைக் கீழே வைத்தார். ஒன்றரை மாதமாகத் தினம் பத்துத் தடவை அடுப்படியிலிருந்து கத்திய சொல்தான். அனிமாவின் கையைப் பிடித்தார்.

"போவாத" என்றார்.

அனிமா கூடத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். "டிக்கெட்?" என்று கேட்டாள்.

"அது கெடக்கு" என்றார் அண்ணி.

அனிமாவுக்கு அது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் சிவப்பு டேப் ஒட்டிய இயர்போனைக் காதில் சரியாக அழுத்திக்கொண்டு, அண்ணி பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, படத்தை ஓடவிட்டாள்.